மூணு கருவி, மூணு கணக்கு: என் டேங்க் தண்ணியில உப்பு உண்மையிலே எவ்வளவு?

பெருமாள்புரம் டேங்க் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல இருந்து எழுதுதேன். ஹால்ல நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல ஒரு கடல்நீர் டேங்க் வச்சு பதினாலு மாசம் ஆகுது. கல்லு, மணல் எல்லாம் போக 200 லிட்டர் தண்ணி நிக்கும். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ரெண்டு டாம்சல் மீன், முதுகுல வெள்ளைக்கோடு போட்ட ஒரு கிளீனர் இறால். இவ்வளவுதான் குடும்பம்.

போன செவ்வாய்க்கிழமை அந்த இறால் செத்துப்போச்சு. கையை உள்ள விட்டா ஏறி வந்து நகக்கண்ணைச் சுத்தம் பண்ணும். என் மக பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையா சட்டைக் கையை மடக்கிக்கிட்டு அதுக்கு விரலைக் காட்டுவா. காலையில பாத்தா கல்லுக்கு அடியில மல்லாந்து கிடந்துச்சு. சட்டை உரிச்ச கூடுன்னு நினைச்சு சந்தோஷமா எடுத்தேன். கூடு இல்ல.

மீன் கழிவுல இருந்து வர்ற விஷமான அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் சைபர். அதனால உப்பு மேலதான் எனக்குச் சந்தேகம். இங்கனதான் குழப்பமே.

டேங்க் கூட வாங்கின, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள முள்ளு ஆடுற ஹைட்ரோமீட்டர்ல (நல்ல தண்ணியைவிட எத்தனை மடங்கு கனம்னு காட்டுறது) போன மாசம் பாத்தப்ப 1.021. குறைஞ்சுட்டேன்னு, ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா ஆர்.ஓ. தண்ணி விடாம உப்புக் கரைச்ச தண்ணியே விட்டு வந்தேன். இப்ப அது 1.023 காட்டுது. ஆன்லைன்ல வாங்கின ரிஃப்ராக்டோமீட்டர்ல பாத்தா 38 பி.பி.டி., அதாவது ஆயிரம் பங்கு தண்ணியில 38 பங்கு உப்பு. ஜங்ஷன் பக்கம் ஒரு மீன் கடையில பாட்டில்ல தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவங்க கண்ணாடி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, '1.025, ஒண்ணும் பயமில்ல' அப்படின்னாங்க.

ஒரே தண்ணி. ஒண்ணு குறைச்சலுங்குது, ஒண்ணு கூடுதலுங்குது, ஒண்ணு சரியா இருக்குங்குது. எதை நம்ப? மிச்சம் இருக்கிற மீனையாவது காப்பாத்தணும்.

வள்ளியூர் கடல்மீன்

இறால் போனதுக்கு ரொம்ப வருத்தம். நானும் ஒண்ணை அப்படித் தோத்திருக்கேன்.

முள்ளு ஆடுற டப்பாவை இன்னைக்கே எடுத்து வச்சிருங்க. முள்ளுல ஒரு சின்னக் காத்துக்குமிழி ஒட்டுனா மேல தூக்கிக் கூடுதலாக் காட்டும். உப்புப் படிஞ்சா கனத்துக் குறைச்சலாக் காட்டும். பதினாலு மாசம் ஆன முள்ளுல கண்டிப்பாப் படிஞ்சிருக்கும்.

ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணியில சைபருக்கு வச்சுட்டு மறுபடி பாருங்க. அதுதான் சரியான கருவி. தண்ணி விட்டு மூடியை மூடி அரை நிமிஷம் பொறுங்க, உடனே பாக்காதீங்க.

ஆறுமுகநேரி அளத்துக்காரன்

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். நான் மீன் வளர்க்க ஆரம்பிச்சு ஆறு வருஷம்தான். ஆனா உப்புத்தண்ணியை அளக்கிறதே எனக்கு 31 வருஷம் பிழைப்பா இருந்துச்சு. உப்பளத்துல டிகிரி பாக்கிற வேலை. இந்த டிகிரி சூடு இல்ல, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறியிருக்குங்கிற போமே கணக்கு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுதேன்.

அளத்துல கடல்தண்ணி வரும்போது மூணரை டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காயவிட்டு, 25 டிகிரிக்கு வந்தாத்தான் உப்பு விழ ஆரம்பிக்கும். 29, 30 தாண்ட விட்டா மக்னீசியக் கசப்பு ஏறி உப்புக் கெட்டுரும். அதுக்கு முன்னால மிச்சத் தண்ணியை வெட்டி வெளியே விடணும். இந்த டிகிரியைப் பாக்கிறது ஒரு கண்ணாடி மிதவை. உங்க கடைக்காரர் வச்சிருக்கிற ஹைட்ரோமீட்டருக்கு அண்ணன் மாதிரி. கோட்டு அளவுதான் வேற.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில நடந்ததைச் சொல்லுதேன். காலையில ஆறரைக்கு ஒரு பாத்தியில பாத்து 24 எழுதி வச்சேன். மத்தியானம் ஒரு மணிக்கு அதே பாத்தியில பாத்தா 24-க்கும் கீழ நிக்குது. வெயில்ல தண்ணி வத்த வத்த டிகிரி ஏறத்தானே செய்யணும்? மழை இல்ல, வேற தண்ணி கலக்கவும் இல்ல. மேஸ்திரி ஒண்ணும் பேசாம என் கையைப் பிடிச்சு ஜாடிக்குள்ள விட்டார். சுட்டுச்சு. சூடான தண்ணி விரிஞ்சு லேசாகும், மிதவை ஆழமா முங்கும், அளவு குறைச்சலாத் தெரியும். உப்பு ஒரு குந்துமணி குறையல. அன்னையில இருந்து தெர்மாமீட்டர் இல்லாம நான் மிதவையைத் தொட்டதில்ல.

இதை ஏன் சொல்லுதேன்னா, உங்க மூணு கருவியில ஒண்ணுகூட உப்பை நேரா அளக்கல. முள்ளும் மிதவையும் அளக்கிறது தண்ணியோட கனத்தை. ரிஃப்ராக்டோமீட்டர் அளக்கிறது தண்ணிக்குள்ள வெளிச்சம் எவ்வளவு வளையுதுங்கிறதை. டிஜிட்டல் பேனா மாதிரி வருதே, அது மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பாக்குது. ஒவ்வொண்ணும் தனக்குத் தெரிஞ்ச ஒண்ணைப் பாத்துட்டு, 'அப்ப உப்பு இவ்வளவு இருக்கும்'னு ஊகிச்சுச் சொல்லுது. அந்த ஊகம் எங்க தப்புதுங்கிறதைத்தான் நாம பிடிக்கணும்.

வள்ளியூர் தம்பி சொன்னதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் திருத்துதேன், கோவிச்சுக்கிட வேண்டாம். ஆர்.ஓ. தண்ணியில சைபர் வச்சா மட்டும் போதாது. சந்தையில வர்ற கைக் கருவியில நிறைய, சாப்பாட்டு உப்புக் கரைசலுக்காகக் கோடு போட்டது. கடல்தண்ணியில கரைஞ்சு கிடக்கிறதுல சோடியமும் குளோரைடும் நூத்துக்கு 85 பங்குதான். மிச்சம் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம். இவை வெளிச்சத்தை வளைக்கிற விதம் வேற. அதனால சைபரைச் சரியா வச்ச கருவியிலகூட 35 பி.பி.டி. கடல்தண்ணி 36.5-ன்னு தெரியும். சைபர்ல சரியா நிக்கிற கோடு மேல போகப்போக விலகிப் போகுது. எங்க அளக்கப் போறோமோ அங்கனயே வச்சுச் சரிபாக்கணும். 35-ஐ அளக்கணும்னா 35-லதான் கருவியை நிறுத்தணும்.

அதுக்கு 35 பி.பி.டி. திட்டக் கரைசல்னு சின்ன பாட்டில்ல விக்காங்க. வாங்குனா மூடியை இறுக்கி வைங்க. திறந்து கிடந்தா தண்ணி வத்தி அதுவே 36, 37 ஆயிரும்.

வாங்க வழியில்லன்னா வீட்டுலயே செய்யலாம். ஆனா எந்தக் கருவிக்குங்கிறதைப் பொறுத்து அளவு மாறும். இதைப் பலபேர் கவனிக்கிறதில்ல. ரிஃப்ராக்டோமீட்டருக்குன்னா 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணி. மிதவைக்கோ முள்ளுக்கோன்னா 37.1 கிராம் உப்பு, 962.9 கிராம் தண்ணி. மின்கடத்தல் பேனாவுக்குன்னா 34.8 கிராம் உப்பு, 965.2 கிராம் தண்ணி. மூணும் அந்தந்தக் கருவி கண்ணுக்கு 35 பி.பி.டி. கடல்தண்ணி மாதிரியே தெரியும். ஒண்ணுக்குச் செஞ்சதை இன்னொண்ணுக்கு விட்டீங்கன்னா திரும்பவும் தப்புதான். தண்ணியையும் தராசுல நிறுங்க, அளவு டம்ளர்ல ஊத்தாதீங்க.

உப்பு பாக்கெட்ல வர்ற பொடி உப்பா இருக்கட்டும். வெறும் சட்டியில பைய வறுத்து ஈரம் போக்கி, ஆறவச்சு நிறுங்க. அதுல சேர்க்கிற அயோடின் இந்த அளவுக்கு ஒரு பொருட்டே இல்ல. கல்லுப்பு மட்டும் வேண்டாம். எங்க ஊர் கல்லுப்பைப் பத்தி எனக்குப் பெருமை உண்டு, ஆனா அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும், 36.5 கிராம் நிறுத்தா அதுல தண்ணி எவ்வளவுன்னு தெரியாது.

இன்னொண்ணும் இங்கனயே சொல்லிருதேன். அளத்து உப்பைக் கரைச்சுக் கடல்தண்ணி ஆக்கி மீன் விடலாமான்னு மாசம் ஒருத்தராவது கேக்காங்க. ஆகாது. பாத்தியில உப்பு விழுறதுக்கு முன்னாலயே சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் கீழ படிஞ்சிரும். மக்னீசியம் வெட்டிவிடுற கசப்புத் தண்ணியோட போயிரும். நடுவுல உள்ளதைத்தான் வாருதோம். அதைத் திரும்பக் கரைச்சா கடல் வராது. டேங்குக்குன்னு விக்கிற கலவை உப்புதான் வேணும்.

சரி, உங்க விஷயத்துக்கு வாரேன். எனக்கு மூணு விவரம் வேணும். ரிஃப்ராக்டோமீட்டரை எந்தத் தண்ணியில சைபர் வச்சீங்க? கடைக்காரரோட மிதவையில உள்ள காகிதத்துல என்ன வெப்பநிலை போட்டிருக்கு? உப்புத்தண்ணி எத்தனை நாள், தினம் எவ்வளவு விட்டீங்க?

கருவி எதையும் நம்பாம அளக்க ஒரு வழி இருக்கு. பள்ளிக்கூட இயற்பியல் லேபுல ஒப்படர்த்தி பாக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும், மூடியில ஊசித்துளை போட்டது. 50 மில்லி குப்பி ஒண்ணும், 0.01 கிராம் காட்டுற நகைத் தராசும் கிடைச்சாப் போதும். வெறும் குப்பியை நிறுங்க. ஆர்.ஓ. தண்ணி நிரப்பி நிறுங்க. டேங்க் தண்ணி நிரப்பி நிறுங்க. ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுல இருக்கணும். ஒரே வாளித் தண்ணியில ரெண்டு பாட்டிலையும் ஒரு மணி நேரம் முக்கி வச்சா ஒண்ணாயிரும். மூடியைப் போட்டதும் ஊசித்துளை வழியா மிச்சம் வழியும், வெளியே நல்லாத் துடைச்சிட்டு நிறுங்க. குப்பிக்குள்ள ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. டேங்க் தண்ணி எடையை ஆர்.ஓ. தண்ணி எடையால வகுத்தா அதுதான் ஒப்படர்த்தி. 35 பி.பி.டி.-ன்னா 1.0264 வரணும்.

பெருமாள்புரம் டேங்க்

அண்ணாச்சி, இவ்வளவு பொறுமையா யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்ல. ரொம்ப நன்றி.

எங்க அத்தை பள்ளிக்கூடத்துல இயற்பியல் டீச்சர். குப்பியை அவங்க கொண்டு வந்தாங்க. தராசுக்கு, டவுன்ல நகைப் பட்டறை வச்சிருக்கிற கூட்டுக்காரன் வீட்டுக்குப் போனோம். மின்விசிறியை நிப்பாட்டிட்டு, மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிறுத்தோம். அத்தைதான் குப்பியை விளக்குக்கு நேர தூக்கிப் பாத்து, கழுத்துக்கிட்ட ஒட்டியிருந்த ஒரு குமிழியைக் கண்டுபிடிச்சு, 'திரும்ப நிரப்புலே'ன்னாங்க.

வெறும் குப்பி 28.46 கிராம். ஆர்.ஓ. தண்ணியோட 78.31. டேங்க் தண்ணியோட 79.73. அதாவது 49.85-க்கு 51.27. வகுத்தா 1.0285 வருது.

நீங்க கேட்ட விவரம்: ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கின அன்னைக்கே எங்க வீட்டு போர் தண்ணி விட்டு சைபர் வச்சேன். அந்தத் தண்ணி டி.டி.எஸ். 1800. கடைக்குப் போய் மிதவையைக் கேட்டு வாங்கிப் பாத்தேன், பொடி எழுத்துல 60/60 டிகிரி ஃபாரன்ஹீட்னு இருக்கு. அன்னைக்கு என் தண்ணி 28 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும். உப்புத்தண்ணி விட்டது பதினோரு நாள், தினம் ஒன்றரை லிட்டர், 35-க்குக் கலக்கினது.

ஆறுமுகநேரி அளத்துக்காரன்

அப்ப எல்லாம் விளங்கிப்போச்சு தம்பி.

குப்பி சொல்லுற 1.0285-ங்கிறது 37.8 பி.பி.டி. இதை நம்புங்க. இன்னொரு பக்கமா இருந்தும் சரிபாத்துட்டேன். ஒன்றரை லிட்டர்ல 52.5 கிராம் உப்பு. பதினோரு நாளைக்கு 577 கிராம். தண்ணி ஆவியாப் போகும், உப்பு போகாது. 200 லிட்டர்ல 577 கிராம்னா ஏறத்தாழ 2.9 பி.பி.டி. கூடியிருக்கு. அப்படின்னா ஆரம்பத்துல உங்க டேங்க் கிட்டத்தட்ட 35-லதான் இருந்திருக்கு. ஒரு குறையும் இல்லாத தண்ணியைத்தான் முள்ளு குறைச்சலுன்னு சொல்லியிருக்கு. வருத்தமான விஷயம்தான். ஆனா தெரிஞ்சுக்கிட்டா இனி நடக்காது.

கடைக்காரர் பொய் சொல்லல. அவர் மிதவை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 15.6 செல்சியஸுக்குக் கோடு போட்டது. நம்ம ஊர்ல அந்தக் குளிர் ஏது? 28-ல மிதக்கவிட்டா, 37.8 பி.பி.டி. தண்ணி அதுல 1.0255 பக்கம்தான் நிக்கும். அவர் பாத்த 1.025 அதுதான். என் மத்தியானப் பாத்தி கதையேதான் இதுவும்.

ரிஃப்ராக்டோமீட்டர் 38 காட்டுனது சரியா வந்தது எப்படின்னு பாருங்க. இதுதான் ரொம்ப ஆபத்தானது. 1800 டி.டி.எஸ்.-னா லிட்டருக்கு 1800 மில்லிகிராம், அதாவது 1.8 பி.பி.டி.; அந்தத் தண்ணியை சைபர்னு வச்சதால 1.8 குறைச்சலாக் காட்டணும். சாப்பாட்டு உப்புக் கோடுங்கிறதால ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல கூடுதலாக் காட்டணும். ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுட்டு நிக்குது. நாளைக்கு நீங்க நல்ல எண்ணத்தோட ஆர்.ஓ. தண்ணியில சைபர் மட்டும் திருத்தியிருந்தீங்கன்னா, ஒரு தப்பு போய் மத்தது தனியா நின்னு 39.4 காட்டியிருக்கும். அதனால திட்டக் கரைசல்ல 35-க்கு நிறுத்திருங்க, அவ்வளவுதான்.

தானா வெப்பநிலை திருத்திக்கிடும்னு அதுல எழுதியிருக்கும். பெரும்பாலும் அது 10-ல இருந்து 30 செல்சியஸ் வரைக்கும்தான். சித்திரை, வைகாசியில பாளையங்கோட்டை ஹால்ல மத்தியானம் அதைத் தாண்டிரும். விடியக்காலையில பாருங்க. திட்டக் கரைசலும், டேங்க் தண்ணியும், கருவியும் ஒரே அறையில ஒரே நேரத்துல இருக்கட்டும்.

இப்ப இறக்கிறதுக்கு: மொத்தம் 15 லிட்டர் டேங்க் தண்ணியை எடுத்துட்டு ஆர்.ஓ. தண்ணி விடணும். ஒரே நாள்ல வேண்டாம். தினம் 3 லிட்டர், அஞ்சு நாள். விடுற தண்ணியை சம்ப்புல (டேங்கோட சேர்ந்த வடிகட்டித் தொட்டியில) பைய விடுங்க, மீன் தலைக்கு மேல ஊத்தாதீங்க. ஆவியாகிறதுக்கு இனி ஆர்.ஓ. தண்ணி மட்டும்தான்.

உவரி அலை

நானும் கத்துக்கிட்டேன் அண்ணாச்சி. நான் கலவை உப்பு வாங்குறதில்ல, கடல்தண்ணியே எடுத்துட்டு வந்து வடிகட்டி விடுதேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பொறவு எடுத்த தண்ணியில மீன் சுணங்கிப் போயிட்டு. ஆர்.ஓ. மிஷின்காரங்க வச்சிருக்கிற டி.டி.எஸ். பேனாவை விட்டுப் பாத்தா ஒண்ணுமே காட்டல. அந்தப் பேனாவால கடல்தண்ணியை அளக்க முடியாதா?

ஆடிக் காத்து அடிக்கிறப்ப எங்க வீட்டு டேங்க்ல ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வத்துது. ஜன்னலைச் சாத்துனா மீனுக்குச் சூடு, திறந்தா உப்பு ஏறுது.

ஆறுமுகநேரி அளத்துக்காரன்

முடியாதும்மா. அந்தப் பேனா குடிதண்ணிக்கு உள்ளது, பெரும்பாலும் பத்தாயிரத்துக்கு உள்ளயே நின்னுரும். கடல்தண்ணி 35,000. கடல்தண்ணிக்குன்னே வர்ற மின்கடத்தல் மீட்டர் வாங்கணும். 25 டிகிரியில 53 மில்லிசீமன்ஸ் காட்டுனா அது 35 பி.பி.டி. அதுலயும் முனையில குமிழி ஒட்டாமப் பாத்துக்கிடணும். முக்கிட்டு ரெண்டு தட்டுத் தட்டுங்க.

மழைக் காலத்துல கரையோரத் தண்ணியில ஆத்துத்தண்ணியும் மழைத்தண்ணியும் கலக்கும். எங்க பக்கம் தாமிரபரணி புன்னக்காயல்ல கடல்ல விழுற இடத்துல வெள்ளம் வந்தா தண்ணி நிறமே மாறிக் கிடக்கும். நீங்களும் ஆத்துவாய், ஓடைவாய் பக்கம் எடுக்காதீங்க. மழை விட்டுப் பல நாள் கழிச்சு எடுங்க. எடுத்த ஒவ்வொரு தடவையும் அளந்துட்டு விடுங்க, கடல்தண்ணிதானேன்னு விட்டுராதீங்க.

காத்துக்கு: ஜன்னலைத் திறந்தே வைங்க. 200 லிட்டர் டேங்க்னா நாலு லிட்டர் வத்துனா 35 என்கிறது 35.7 ஆகும். ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவைன்னு பிரிச்சு ஆர்.ஓ. தண்ணி விட்டா அவ்வளவு ஏத்தமும் இருக்காது. சம்ப்புல ஒரு கோடு போட்டு வச்சுக்கிட்டா மீட்டரே வேண்டாம், கோடு வரைக்கும் நிரப்புனாப் போதும்.

பெருமாள்புரம் டேங்க்

இன்னைக்கு ஆறாம் நாள். சொன்னபடி தினம் 3 லிட்டர் மாத்துனேன். 36.5 கிராம் கரைசல் செஞ்சு ரிஃப்ராக்டோமீட்டரை 35-ல நிறுத்தினேன்; திருகாணியை எவ்வளவு திருப்ப வேண்டியிருந்துச்சுன்னா, கோடு அசைஞ்சதே தெரியல. அந்த ரெண்டு தப்பு ஒளிஞ்சு கிடந்ததை அப்பத்தான் கண்ணால பாத்தேன். காலையில ஆறு மணிக்கு டேங்க் தண்ணி 35. நம்பிக்கை வராம அத்தையைக் கூட்டிக்கிட்டு மறுபடி பட்டறைக்குப் போய்க் குப்பியிலயும் நிறுத்தேன். 1.0264.

முள்ளு டப்பாவை வினிகர்ல ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். முள்ளோட அடியில வெள்ளையா ஒரு பொருக்கு, நகத்தால சுரண்டினா உதிர்ந்துச்சு. கழுவிட்டுப் பாத்தா இப்ப 1.026 காட்டுது. ஆனாலும் அதை இனி டேங்க் பக்கம் கொண்டு போக மாட்டேன்.

க்ளவுன் ரெண்டும் நேத்து சாயங்காலத்துல இருந்து தண்ணி மேல வந்து தீனி கேக்குது. மக இன்னொரு இறால் எப்ப வரும்னு கேட்டா. சம்ப்புல நான் போட்ட கோட்டைக் காட்டி, ஒரு மாசம் இந்தக் கோடு வரைக்கும் நீ தினம் தண்ணி விடு, அப்புறம் வாங்கலாம்னு சொல்லியிருக்கேன். காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாலயே செம்போட வந்து நிக்கா.

ஆறுமுகநேரி அளத்துக்காரன்

இறால் வாங்குற அன்னைக்கு அது வந்த பைத் தண்ணியையும் அளந்துருங்க தம்பி. கடையில பெரும்பாலும் உப்பைக் குறைச்சுத்தான் வச்சிருப்பாங்க. வித்தியாசம் இருந்தா ரெண்டு, மூணு மணி நேரம் சொட்டுச் சொட்டா நம்ம தண்ணியை விட்டுப் பழக்கிட்டு உள்ள விடுங்க. மீன் தாங்குற மாற்றத்தை இறால் தாங்காது.